ஷாத்தோ மார்கோ: ஒயினையும் அதன் தோட்டத்தையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாத்தோ மார்கோ என்பது ஒயினின் பெயரா, ஊரின் பெயரா?

ஷாத்தோ என்றால் பிரெஞ்சில் மாளிகை. ஒயினுக்கும் அது விளையும் தோட்டத்துக்கும் அதே பெயர்தான். ஊரின் பெயர் வெறும் மார்கோ. பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்கு வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில், ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் இருக்கிறது. இந்தப் பகுதி முழுவதற்கும் மெதோக் என்று பெயர். மார்கோ, கான்தெனாக், லபார்த், சுசான், அர்சாக் ஆகிய ஐந்து ஊர்களில் விளையும் சிவப்பு ஒயின்கள் லேபிளில் 'மார்கோ' என்று போட்டுக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள் எத்தனையோ தோட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும்தான் ஷாத்தோ மார்கோ.

கடையில் 'மார்கோ' என்று போட்ட புட்டி நாற்பது யூரோவுக்குக் கிடைத்தால் அது மோசடி இல்லை. வேறு தோட்டத்துச் சரக்கு, அவ்வளவுதான்.

இதற்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது?

எல்லோரும் 1855 என்று சொல்வார்கள். அந்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் போர்தோ ஒயின்களுக்குத் தரப்பட்டியல் ஒன்று கேட்டார்கள். போர்தோ தரகர்கள் எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று தங்கள் கணக்கைப் பார்த்து, ஐந்து படிகளாக வகுத்துக் கொடுத்தார்கள். யாரும் வரிசையாகக் கிளாஸ் வைத்து மார்க் போடவில்லை. சிவப்பில் முதல் படிக்கு வந்தவை நான்கு: லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். பிறகு அந்தப் படிக்கு ஏறியது ஒன்றே ஒன்று, 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட்.

ஆனால் அந்தப் பட்டியல் மார்கோவுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பேரைப் பதிவு செய்தது. 1705லேயே லண்டன் கெஸட் பத்திரிகையில் மார்கோவின் 230 பீப்பாய்கள் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்துவிட்டது. பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போல் பீப்பாய்க் கணக்கில் வாங்கினார். 1787இல் போர்தோவுக்கு வந்த தாமஸ் ஜெஃபர்சன், அமெரிக்க அதிபராவதற்கு வெகு முன்பே, தன் குறிப்பில் இந்த நான்கு தோட்டங்களையும் எழுதி மார்கோவை முதலில் வைத்தார்.

எனக்குப் பிடித்த சாட்சி ஏங்கெல்ஸ். மார்க்ஸின் மகள் ஜென்னி 1868இல் அவரிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினாள். "மகிழ்ச்சி என்றால் உங்களுக்கு என்ன?" என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: 'ஷாத்தோ மார்கோ 1848'. ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த ஆண்டு அது. அவர் நினைத்தது புரட்சியையா புட்டியையா என்று இன்றும் சிரித்துக்கொண்டே வாதம் செய்கிறார்கள். இரண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை 'நளினமான ஒயின்' என்கிறார்களே, அப்படியென்றால்? லேசானதா?

லேசு இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது.

சிவப்பு ஒயினில் டானின் இருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் பீப்பாயிலிருந்தும் வருகிற துவர்ப்பு. பாக்கு மென்றால் வாய் இறுகுகிறதே, அதே குணம். மார்கோவில் டானின் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். இளம் மார்கோவில் நிறையவே இருக்கிறது. ஆனால் அது சொரசொரப்பாக ஈறில் ஒட்டுவதில்லை; மிக மெல்லிய பொடியாகப் படிந்து மெல்ல அகன்றுவிடும். கூடவே புளிப்பு, பழத்தின் சதைப்பற்று, ஆல்கஹாலின் சூடு எல்லாம் இருக்கும். எது முந்தியது எது பிந்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கூடி வரும். அதைத்தான் நளினம் என்கிறோம். அதே மெதோக்கில் கொஞ்சம் வடக்கே போயாக்கில் விளையும் லத்தூரைக் குடித்தால் வேறுபாடு தெரியும். லத்தூர் முதல் வாயிலேயே தன் பலத்தைக் காட்டிவிடும். மார்கோவில் அந்த பலம் விழுங்கிய பிறகுதான் தெரியவரும்.

காரணம் கேட்டால் முதலில் மண்ணைக் காட்டுவார்கள். கழிமுகத்தை ஒட்டிய மேடுகளில் ஆழமான சரளைக்கல் படிவு. மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். கொடி தண்ணீரைத் தேடி வேரை ஆழத்துக்கு அனுப்பும். காய் குறைவாக, சிறிதாக, அடர்த்தியாக வரும். மண்ணுக்கு இதில் பெரிய பங்கு உண்டுதான். ஆனாலும் பாதி வேலை மனிதர்களின் கழித்துக்கட்டும் குணம் என்பது என் எண்ணம். 2015 போன்ற அருமையான ஆண்டிலேயே மொத்த விளைச்சலில் 35 சதவீதம்தான் முதல் ஒயினுக்குள், அதாவது ஷாத்தோ மார்கோ என்ற பேரிலேயே விற்கும் ஒயினுக்குள், போனது. மீதி இரண்டாம், மூன்றாம் ஒயினுக்குப் போயிற்று. துளி முரட்டுத்தனம் இருந்தாலும் வெளியே போ என்று சொல்ல வசதியும் வேண்டும், மனசும் வேண்டும்.

எந்தத் திராட்சையில் செய்கிறார்கள்?

பெரும்பங்கு கேபர்னே சோவின்யோன். அண்மை ஆண்டுகளில் முதல் ஒயினில் அது பெரும்பாலும் 85 முதல் 90 சதவீதம். மீதிக்கு மெர்லோ, கொஞ்சம் கேபர்னே ஃப்ரான், கொஞ்சம் பெத்தி வெர்தோ. ஒவ்வொரு துண்டு நிலத்து ஒயினையும் தனியாகச் செய்து, ருசி பார்த்த பிறகுதான் கலவையை முடிவு செய்கிறார்கள். அதனால் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பீப்பாயில் எவ்வளவு காலம்? முட்டை சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

புதிய ஓக் பீப்பாயில் 18 முதல் 24 மாதம். ஒரு பீப்பாயில் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 புட்டி. தோட்டத்துக்குள்ளேயே பீப்பாய் செய்யும் தொழிலாளிக்குப் பட்டறை உண்டு. தேவையில் ஒரு பகுதி அங்கேயே தயாராகிறது. பலகைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் சின்ன நெருப்பு மூட்டி, சூட்டில் வளைத்து இரும்பு வளையம் இறக்குவார்கள். அந்த நெருப்பில் பலகையின் உள்பக்கம் கருகும் அளவைப் பொறுத்துத்தான் ஒயினில் வறுத்த வாசனை கூடுவதும் குறைவதும்.

முட்டை உண்மைதான். வெள்ளைக்கரு மட்டும், பீப்பாய்க்குச் சில முட்டைகள் வீதம். லேசாக அடித்து ஊற்றினால் முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். பிறகு தெளிந்த ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். சுத்த சைவக்காரர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படி ருசிப்பது?

அவசரப்படாமல். பெரிய குமிழுள்ள கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். தண்டைப் பிடியுங்கள், குமிழைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் ஒயினில் ஓரம் ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். இருபத்தைந்து முப்பது வயதானதில் செங்கல் நிறம் படர்ந்திருக்கும். லேபிளைப் பார்க்காமலே வயதைக் கிட்டத்தட்ட ஊகிக்க இது ஒன்றே போதும்.

அடுத்து, கிளாஸை ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பலரும் இதை விட்டுவிட்டு நேரே சுழற்ற ஆரம்பிக்கிறார்கள். மார்கோவுக்கே உரியது என்று சொல்லப்படும் வயலட் பூ மணம் மெலிதானது; ஆட்டியதும் ஓக்கும் பழமும் மேலே வந்து அதை மூடிவிடும். பிறகு சுழற்றி முகருங்கள். பிளாக்கரன்ட் ஜாம் சாப்பிட்டவருக்கு அந்தப் பழம் உடனே பிடிபடும். அதன் பின்னால் சீடர் மரம், அப்போதுதான் சீவிய பென்சில், சில ஆண்டுகளில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. வயதான புட்டியென்றால் பழம் பின்வாங்கி, புகையிலை, காய்ந்த இலை, நனைந்த மண், காளான் என்று வேறு உலகமே வரும். இந்தப் பட்டியலில் எதுவுமே உங்களுக்குத் தெரியவில்லையா? கவலையே வேண்டாம். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். அடுத்தவர் குறிப்பை வாசித்துவிட்டு அதையே தேடுவதுதான் ருசியைக் கெடுக்கும்.

இப்போது ஒரு சிறு வாய். உடனே விழுங்காமல், உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். கொரகொரவென்று சத்தம் வரும். ருசி பார்க்கும் இடத்தில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். துவர்ப்பு ஈறில் எப்படிப் படிகிறது, நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள். எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஒயின் இன்னும் பல காலம் தாங்கும். விழுங்கிய பிறகு வேறு எதையும் வாயில் போடாமல் காத்திருங்கள். சாதாரண ஒயின் சில நொடியில் காணாமல் போகும். நல்ல மார்கோ அரை நிமிடத்துக்கு மேலும் நிற்கும். அப்புறம், அதே கிளாஸை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். முதலில் எழுதிய குறிப்பைக் கிழித்துப் போடத் தோன்றும்.

துப்புவது அநாகரிகம் இல்லையா?

இல்லை. ஒரே காலையில் நாற்பது ஒயின் பார்க்கும் தொழில்காரர்கள் துப்பித்தான் ஆக வேண்டும். அதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள். ஒரே ஒரு புட்டியை நண்பர்களோடு பகிர்கிறீர்கள் என்றால் துப்ப வேண்டியதில்லை, வண்டி ஓட்டாமல் இருந்தால் போதும்.

எந்த வெப்பநிலையில் பரிமாற வேண்டும்?

16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று பழைய குறிப்புகளில் இருப்பது, ஹீட்டர் வருவதற்கு முந்தைய பிரெஞ்சு வீட்டு அறையைப் பற்றியது. சென்னை அறையின் முப்பது டிகிரியில் இதை ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், நளினமாவது ஒன்றாவது. கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே சில்லென்று ஊற்றினாலும் தப்பு. மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

டிகான்டரில், அதாவது கண்ணாடிக் குடுவையில், ஊற்றி வைக்க வேண்டுமா?

வயதைப் பொறுத்தது. பத்து வயதுக்குட்பட்டதென்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ஊற்றி வைத்தால் மூடிக் கிடந்தது திறக்கும். முப்பது வயதுக்கு மேற்பட்டது என்றால் நோக்கமே வேறு: காற்றுக்காக இல்லை, வண்டலைப் பிரிக்க. ஒரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியோ டார்ச்சோ வைத்துக்கொண்டு நிறுத்தாமல் மெதுவாக ஊற்றுங்கள். தோள் பகுதிக்குக் கருப்புக் கீற்று வந்ததும் நிறுத்திவிடுங்கள். உடனே பரிமாறுங்கள், பழைய ஒயினின் மணம் காத்திருக்காது.

திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. இதுதான் அதன் சிறப்பா?

இல்லவே இல்லை. அது கார்க் கோளாறு. டி.சி.ஏ. என்ற சேர்மம் கார்க்கிலிருந்து ஒயினில் இறங்கினால் அப்படித்தான் மணக்கும். எவ்வளவு உயர்ந்த தோட்டத்துக்கும் இது நேரலாம். உணவகத்தில் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

எதோடு சாப்பிடலாம்?

மெதோக் பகுதியில் ஆட்டுக்குட்டி இறைச்சி, உப்பும் பூண்டும் போட்டுச் சுட்டது. கொழுப்பும் புரதமும் டானினைச் சாந்தப்படுத்தும். காட்டுப் பறவை, காளான், கெட்டியான பழைய சீஸ் எல்லாம் ஒத்துப்போகும். மிளகாய் காரம் வேண்டாம். காரத்தில் துவர்ப்பும் ஆல்கஹாலும் இரண்டு மடங்காகத் தெரியும். செட்டிநாட்டுக் கறியையும் இதையும் ஒரே மேசையில் வைப்பது இரண்டுக்கும் செய்யும் துரோகம்.

ஒரு காலத்தில் இதன் தரம் விழுந்ததாகச் சொல்கிறார்களே?

விழுந்தது. 1970களில் தோட்டம் ஜினெஸ்தே குடும்பத்தின் கையில் இருந்தது. போர்தோவில் பழம்பெரும் ஒயின் வணிகக் குடும்பம். 1973 வாக்கில் சந்தை சரிந்து, எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, போர்தோ வணிகர்கள் பலர் நொடித்துப்போனார்கள். கையில் காசு இல்லாதபோது முதலில் அடிவாங்குவது கொடியும் பீப்பாயும்தான். ஒயின் மெலிந்தது. தோட்டம் விற்பனைக்கு வந்தது. நேஷனல் டிஸ்டில்லர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்க வந்தபோது பிரெஞ்சு அரசே குறுக்கே நின்றது; இது நாட்டின் சொத்து, வெளியே போகக்கூடாது என்று.

கடைசியில் 1977இல் வாங்கியவர் ஆந்த்ரே மென்ட்செலோபுலோஸ். கிரேக்கர், பிரான்சில் ஃபெலிக்ஸ் போத்தேன் மளிகைக் கடைகளை நடத்தியவர். ஒயின் உலகத்துக்கு வெளியாள். வெளியாளாக இருந்தது நல்லதாயிற்று என்பேன், ஏனென்றால் உடனடி லாபம் பார்க்காமல் செலவழித்தார். வடிகால் சரிசெய்தார், கொடிகளை மாற்றி நட்டார், புதிய பீப்பாய் வாங்கினார், போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் நிபுணர் எமில் பெய்னோவை ஆலோசகராக அழைத்தார். 1978ஆம் ஆண்டு ஒயினே திரும்பி வந்ததைச் சொல்லிவிட்டது. ஆனால் 1980இல் அவர் இறந்துபோனார். பொறுப்பு இருபத்தேழு வயது மகள் கொரின் மேல் விழுந்தது. அவர் விற்கவில்லை. 1983இல் போல் போன்தாலியே என்ற இளம் வேளாண் பொறியாளரைச் சேர்த்துக்கொண்டார். ஓக் பீப்பாயில் சிவப்பு ஒயின் முதிர்வதைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். இருவரும் முப்பது ஆண்டுக்கு மேல் சேர்ந்து வேலை செய்தார்கள். இன்றைய மார்கோவின் ருசி பெரும்பாலும் இவர்கள் உருவாக்கியது.

2015 புட்டி மட்டும் ஏன் கருப்பாக இருக்கிறது?

போன்தாலியே 2016இல் காலமானார். 2015தான் அவர் செய்து முடித்த கடைசி விளைச்சல். அவர் நினைவாக வழக்கமான காகித லேபிளை விட்டுவிட்டுக் கருப்புப் புட்டியில் பொன்னிறத்தில் அச்சிட்டார்கள். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்த புதிய ஒயின் கூடம் திறந்ததும் அதே 2015இல்தான்.

எந்த ஆண்டுகள் நல்லவை?

பேசப்படுபவை 1900, 1961, 1983, 1990, 1996, 2000, 2005, 2009, 2010, 2015, 2016. இதில் 1983 சுவாரஸ்யமானது. போர்தோ முழுக்க 1982ஐக் கொண்டாடும். மார்கோ பகுதியில் மட்டும் பலர் 1983ஐ மேலே வைப்பார்கள். நளினத்தைத் தேடுபவருக்கு என் வாக்கு 1996க்கு.

ஒரு புட்டி உடைந்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன்.

1989, நியூயார்க் ஃபோர் சீசன்ஸ் உணவகம். வில்லியம் சொகோலின் என்ற ஒயின் வியாபாரி, ஜெஃபர்சனுடையது என்று சொல்லப்பட்ட 1787 மார்கோவை விருந்துக்கு எடுத்து வந்து எங்கோ இடித்துக்கொண்டார். ஒயின் கம்பளத்தில் வழிந்தது. அவர் அதற்குச் சொல்லிவந்த விலை ஐந்து லட்சம் டாலர். காப்பீட்டில் வந்தது 2,25,000 டாலர். 'ஜெஃபர்சன் புட்டிகள்' என்று விற்கப்பட்டவை அசல்தானா என்ற சந்தேகம் பின்னாளில் வழக்குவரை போனது.

வெள்ளை ஒயினும் செய்கிறார்களா?

ஆம், பவியோன் பிளான். முழுக்க சோவின்யோன் பிளான் திராட்சை. மார்கோ என்ற புவிசார் பெயர் சிவப்புக்கு மட்டுமே என்பதால், இதன் லேபிளில் வெறும் போர்தோ என்றுதான் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மேலாளராக இருந்த பெர்லோன் என்பவர்தான், அதுவரை கலந்தே பிழியப்பட்ட சிவப்பு, வெள்ளைத் திராட்சைகளைப் பிரித்தார். பனித்துளி காய்வதற்கு முன் யாரும் குலையில் கை வைக்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்; தண்ணீர் சேர்ந்தால் சாறு நீர்த்துவிடும் என்று.

தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாமா?

வாசல்வரை தாராளமாக. போர்தோவிலிருந்து மெதோக் ரயிலில் ஏறினால் மார்கோ நிலையத்தில் இறங்கலாம். பிளேன் மரங்கள் இருபுறமும் நிற்கும் நேர்ச்சாலை, அதன் முடிவில் நான்கு பெரிய தூண்களோடு மாளிகை. லேபிளில் இருக்கும் அதே முகப்பு. கட்டடக் கலைஞர் லூயி கோம்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வேண்டும், சும்மா போய் நின்றால் விட மாட்டார்கள். அங்கே புட்டி விலைக்கும் கிடைக்காது. விற்பனையெல்லாம் போர்தோ வணிகர்கள் வழியாகத்தான். ஏமாற்றமாக இருந்தால் அந்த ஊரிலேயே வேறு பல தோட்டங்கள் வருகிறவர்களை வரவேற்று ஊற்றித் தருகின்றன.

கொடுக்கிற காசுக்குத் தகுமா? குறைந்த விலையில் இந்த ருசி கிடைக்குமா?

நல்ல ஆண்டென்றால் ஒரு புட்டி ஐநூறு யூரோவைத் தாண்டும். அதில் ஒரு பகுதி ருசிக்கு, பெரும்பகுதி பேருக்கு. வாழ்நாளில் ஒருமுறை நாலைந்து பேர் பங்கு போட்டு, முதிர்ந்த புட்டி ஒன்றைத் திறப்பது தகும். இளம் புட்டியைப் பரபரப்பில் வாங்கி அடுத்த வாரமே திறப்பது வீண். இருபது வருஷம் காத்திருக்க வேண்டிய சரக்கு அது. அதுவரை 12, 13 டிகிரியில், இருட்டில், படுக்கவைத்துப் பாதுகாக்க வழியில்லை என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது. வெயில் ஊரில் அலமாரியில் வைத்த புட்டி சில கோடைகளிலேயே வெந்துவிடும்.

அடுத்த படி, இதே தோட்டத்தின் இரண்டாம் ஒயின் பவியோன் ரூழ். அதுவும் நூறு யூரோவுக்கு மேல்தான், ஆனால் சீக்கிரம் குடிக்கத் தயாராகும், குடும்ப ஜாடை தெரியும். 2009 முதல் மூன்றாவதாக 'மார்கோ து ஷாத்தோ மார்கோ' என்ற ஒன்றும் செய்கிறார்கள்.

நான் சொல்லக்கூடியது வேறு. அதே ஐந்து ஊர்களில் 1855 பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஷாத்தோ தாங்லுதே, சிரான், லபெகோர்ஸ் போன்றவற்றில் எட்டுப் பத்து வயதானதைத் தேடுங்கள். பெரிய தோட்டத்தின் ஆழமும் நீளமும் இருக்காது, ஆனால் அந்தப் பூமணமும் மெல்லிய துவர்ப்பும் பத்தில் ஒரு பங்கு விலையில் பிடிபடும். இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் அந்தப் பட்டியலின் இரண்டாம் படியில் இருக்கும் பிரான்-கான்தெனாக். வாங்கும்போது, புட்டி கடைக்கு எங்கிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் பழைய ஒயின் வாங்க வேண்டாம்.